விளியும் உறவும்: 'செய்லர் மூன்' சுவைஞர் வழக்காடும் முறை

ஒருவரை ஒருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பதைக் கேட்டாலே, அவ்விருவர்க்கும் இடையே உள்ள உறவு இன்னதெனப் பெரும்பாலும் விளங்கிவிடும். தந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளையையோ, தமையனை 'ஐயா' என்று அழைக்கும் தம்பியையோ ஒரு கதையில் கண்டால், படிப்பவர் உடனே நிமிர்ந்து உட்கார்வர். அங்கே சொல்லப்படாத ஏதோ ஒன்று உண்டு என்று ஐயுறுவர். விளிமரபுக்கென ஓர் இயலையே ஒதுக்கிய தொல்காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. ஆனால், இந்த நுட்பத்தையே கருவியாகக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு இளைஞர் ஒரு ஜப்பானியப் படத்தொடரைப் பற்றி ஓயாமல் வழக்காடி வருகின்றனர் என்பது பலர்க்குப் புதிதாக இருக்கலாம். 'செய்லர் மூன்' என்பது அத்தொடரின் பெயர். அவ்வழக்காட்டில் யார் வென்றார் என்பது ஈண்டுப் பொருளன்று. அவர்கள் எவ்வாறு வழக்காடுகின்றனர், ஒரே ஒரு உறவுச்சொல்லை மாற்றியதால் அவ்வழக்கு எங்ஙனம் மூண்டது என்பதே நோக்கத்தக்கது.

வரைந்த ஓவியங்களை அசையச் செய்து எடுக்கும் படத்தை ஜப்பானியர் 'அனிமே' என்பர். அச்சில் வரும் படக்கதை 'மாங்கா' எனப்படும். மருந்தியல் பயின்று மருந்தாளர் தகுதி பெற்றவரான நவோக்கோ தக்கேயுச்சி என்னும் அம்மையார், சிறுமியர்க்கென வெளிவரும் 'நக்கயோஷி' என்ற திங்களிதழில் 1991ஆம் ஆண்டின் இறுதியில் இம்மாங்காவைத் தொடங்கினார். 1992ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தோயெய் நிறுவனம் அதனைத் தொலைக்காட்சித் தொடராக்கி வெளியிடத் தொடங்கிற்று. 1997 பிப்ரவரி வரை ஐந்து பருவங்களாக 200 பகுதிகள் வந்தன. ஜப்பானியப் பள்ளி மாணவியர் பலர் அணியும் சீருடை மாலுமியர் சட்டையின் அமைப்புடையது. அச்சீருடையை ஒத்த உடையில் வீராங்கனையர் தோன்றுவதால்தான் 'மாலுமி' என்னும் பொருள் தரும் சொல் தலைப்பில் நிற்கிறது.

கதை எளியது. பதினான்கு வயது மாணவி உசாகி படிப்பில் பின்தங்கியவள், எடுத்ததற்கெல்லாம் அழுபவள், தின்பண்டம் என்றால் உயிரை விடுபவள். பேசும் பூனை ஒன்று அவளிடம் வந்து, தீயோரை எதிர்க்கும் ஆற்றலை அளிக்கிறது. ஆமி, ரெய், மக்கோதோ, மினாக்கோ என்னும் தோழியர் நால்வர் வந்து சேர்கின்றனர். முற்பிறப்பில் உசாகி நிலவுலகின் இளவரசி. இப்பிறப்பில் அவளைக் கேலி செய்துகொண்டே திரியும் மமோரு என்னும் இளைஞன் மண்ணுலகின் இளவரசன். இருவரும் அன்று காதலர். இவ்வளவுதான் அடித்தளம். இதன் மேல் எழும் உறவுகளே சுவைஞரை ஈர்த்தவை.

நாயகியின் முழுப்பெயர் 'ட்சுகினோ உசாகி'. 'நிலவின் முயல்' என்று பொருள்படுமாறு ஒலிப்பது அது. மதியின் மறுவை முயலாகக் காணும் வழக்கம் ஜப்பானியர்க்கும் தமிழர்க்கும் பொது. தமிழ் நூல்களில் வரும் 'சசி' என்னும் மதியின் பெயர் முயலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. புத்தரின் முற்பிறப்புக் கதைகளுள் ஒன்றான முயற்கதை பௌத்தத்துடன் கிழக்கு நோக்கிச் சென்றது. ஜப்பானில் அம்முயல் நிலவில் நின்று உலக்கை கொண்டு சோற்றை இடித்துப் பிசைந்து பண்டம் செய்வதாகக் குழந்தைகளுக்குச் சொல்வர். வட அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு இத்தொடரின் ஆங்கிலக் குரற்பதிப்பு வந்தபோது உசாகி 'செரீனா' ஆனாள். நிலவுக்குக் கேடில்லை, முயல்தான் ஓடிப்போயிற்று.

இனி, விளியைக் காண்போம். ஜப்பானியர் ஒருவர் பெயரை வெறுமனே சொல்வது அரிது. பெயர்க்குப் பின் ஒரு சிறு சொல்லை ஒட்டுவர். 'ஸான்' என்பது பொது மதிப்பு. 'ஸாமா' என்பது மிகு மதிப்பு. 'குன்' பெரும்பாலும் இளைஞர்க்கு. 'ச்சான்' குழந்தைகட்கும் நெருங்கிய பெண்கட்கும் செல்லமாக வருவது. எதையும் ஒட்டாமல் பெயரை மட்டும் அழைத்தால், ஒன்று மிக நெருக்கம், அன்றி மதிப்பின்மை. தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுள் எதனைத் தேர்கிறோம் என்பதில் உள்ள நுட்பம் அங்கே பெயரின் வாலில் வந்து அமர்ந்திருக்கிறது என்று கொள்க.

தோழியர் பேச்சில் இது தெளிவாகக் கேட்கும். ஆமி, மக்கோதோ, மினாக்கோ மூவரும் 'உசாகிச்சான்' என்றே அழைப்பர். ரெய் மட்டும் 'உசாகி' என்பாள். இருவரும் ஓயாமல் சண்டையிடுவர். நாக்கை நீட்டிப் பழிப்பர். மேலோட்டமாகக் காண்பவர் இவ்வெறும்பெயரைப் பகைக்குச் சான்றாகக் கொள்வர். கூர்ந்து காண்பவரோ, குழுவிலேயே மிக நெருங்கியவர் இவ்விருவரே என்பர். அவர் காட்டும் சான்று முதற்பருவத்தின் முடிவு. பனிவெளியில் நடக்கும் இறுதிப் போரில் தோழியர் ஒருவர்பின் ஒருவராக உயிர்விடும்போது, கடைசிவரை உசாகியுடன் நிற்பவள் ரெய். அமெரிக்கப் பதிப்பில் அவ்விரு பகுதிகளும் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. தோழியர் இறக்கவில்லை, பகைவரிடம் சிறைப்பட்டனர் என்று மாற்றப்பட்டது. இறப்பை நீக்கியதும் இறப்பினால் விளங்கிய நட்பின் கனமும் குறைந்துபோயிற்று. இது திருத்தியவர் எண்ணிப் பாராத விளைவாகவே தோன்றுகிறது.

காதலர் விளி இன்னும் சுவையானது. முதலில் மமோரு அவளைக் கொண்டையைச் சுட்டி 'கொழுக்கட்டைத் தலை' என்பது போன்ற ஒரு பட்டப்பெயரால் கேலி செய்வான். காதல் வெளிப்பட்டபின் அது 'உசாக்கோ' ஆகிறது. அவளோ அவனை 'மமோச்சான்' என்கிறாள். நெடிதுயர்ந்த, ஆழ்ந்த குரலுடைய ஓர் இளைஞனைக் குழந்தைக்குரிய ஒட்டுச்சொல்லால் அழைப்பது அது. தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து தனித்து வளர்ந்தவன் மமோரு. அவனை அப்படி அழைக்க அதுவரை யாரும் இருந்திலர் என்று சுவைஞர் சுட்டும்போது, அவ்வொட்டுச்சொல் வெறுங்கொஞ்சலாக நிற்பதில்லை. மறுபுறம், இக்காதலைக் குறை கூறுவோரும் உளர். மாங்காவில் மமோரு உயர்நிலைப் பள்ளி மாணவன். படத்தொடரிலோ கல்லூரி மாணவன். பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கல்லூரி இளைஞனைத் துணையாக்கியது தகாது என்பது அவர் வாதம். பள்ளி நடத்துவோர் எவரும் அவ்வாதத்தைத் தள்ளமாட்டார். தொடரை எடுத்தோர் அந்த வயதை மாற்றாமல் விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டாம் பருவத்தில் வானிலிருந்து ஒரு சிறுமி வந்து விழுகிறாள். தன் பெயரும் 'உசாகி' என்கிறாள். ஆகவே அவளைச் 'சிறிய உசாகி' என்னும் பொருளில் 'ச்சிபியுசா' என்பர். அவள் உசாகியைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். அவளோடு போட்டியிட்டு மமோருவை 'மமோச்சான்' என்கிறாள். பல பகுதிகள் கழிந்தபின் உண்மை வெளியாகிறது: அவள் முப்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்தவள், உசாகிக்கும் மமோருவுக்கும் பிறக்கப்போகும் மகள். தாயை வெறும்பெயரால் அழைத்தவள். தாய் தந்தைக்கு இட்ட செல்லப்பெயரையே தானும் எடுத்துக்கொண்டவள். உண்மை தெரிந்தபின் முன்பகுதிகளை மீண்டும் காண்போர்க்கு ஒவ்வொரு விளியும் வேறுபொருள் தருகிறது.

இங்குச் சுவைஞர் இரு கட்சியாவர். மகள் தாயோடு இப்படிப் போட்டியிடுவது இயல்பன்று, நகைச்சுவைக்காக வலிந்து செய்தது என்பது ஒரு கட்சி. மறுகட்சியார் அவளுடைய நிலையை நினைவூட்டுவர். எதிர்காலத்தில் அவள் தாய் பகைவர் தாக்குதலால் படிகத்துள் உறங்கிக் கிடக்கிறாள். அதற்குத் தானே காரணம் என்று சிறுமி உள்ளத்தில் குமைகிறாள். பேரரசியாகிய தாயை நெருங்க இயலாத குழந்தை, தன்னைப் போலவே அழுமூஞ்சியாக இருக்கும் தாயிடம் சண்டையிட்டு ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கூற்று. இரண்டாம் கட்சியே கதையின் போக்குக்குப் பொருந்துவது. ஆங்கிலப் பதிப்பில் அவள் பெயர் 'ரீனி'. தாயும் மகளும் ஒரே பெயரினர் என்னும் குறிப்பு, மறைபொருளை முன்கூட்டியே காட்டி நின்ற குறிப்பு, அங்கே அற்றுப்போனது.

பெயர் மாற்றத்தோடு நின்றிருந்தால் வழக்கு இவ்வளவு முற்றியிராது. மூன்றாம் பருவத்தில் வந்தது பெருஞ்சிக்கல். 1994ஆம் ஆண்டு ஜப்பானில் ஒளிபரப்பான அப்பருவத்தில் ஹருகா, மிச்சிரு என்னும் இருவர் தோன்றுகின்றனர். ஹருகா கார்ப்பந்தய வீராங்கனை. ஆண்கள் அணியும் சீருடையில் வருபவள். மிச்சிரு வயலின் வாசிப்பவள், ஓவியம் தீட்டுபவள். முதன்முதலாக ஹருகாவைக் காணும் உசாகியும் மினாக்கோவும் அவளை அழகிய இளைஞன் என்றே எண்ணிப் பின்தொடர்கின்றனர். பெண் என்று அறிந்ததும் வாயடைத்துப் போகின்றனர்.

இம்மயக்கம் நிகழ ஜப்பானிய மொழியே இடந்தருகிறது. தன்மை ஒருமைக்கு அங்குப் பல சொற்கள் உண்டு. 'வத்தாஷி' பொதுச்சொல், 'அத்தாஷி' பெண்கள் சொல்வது, 'ஒரெ' முரட்டு ஆண்மை தோன்றச் சொல்வது, 'பொக்கு' சிறுவரும் இளைஞரும் சொல்வது. ஹருகா தன்னைப் 'பொக்கு' என்கிறாள். மிச்சிருவின் பேச்சோ உயர்குடிப் பெண்ணின் நயம் உடையது. தமிழில் 'நான்' என்ற ஒன்றே இருபாலார்க்கும் உரியது. ஆகவே ஹருகாவின் அந்த ஒரு சொல்லைத் தமிழில் பெயர்க்க வழியில்லை. இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. ஜப்பானிய வினை பால் காட்டாது. தமிழ் வினையோ 'வந்தான்', 'வந்தாள்' என்று காட்டியே தீரும். ஹருகாவைப் பற்றி மூன்றாமவர் பேசும் முதல் வாக்கியத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் புதிரை உடைக்க வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். 'வந்தார்' என்னும் உயர்வுப் பன்மை ஒன்றே அவரைக் காக்கும். பலர்பால் ஈறு ஒருமைக்கு வந்து பாலை மறைக்கும் இப்பயனை இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்ட இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஹருகாவும் மிச்சிருவும் ஒருவரையொருவர் ஒட்டுச்சொல் எதுவுமின்றிப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பர். மற்றையோர் அவ்விருவரையும் 'ஸான்' சேர்த்தே அழைப்பர். இருவரும் இணையர். இதனை மாங்காவும் படத்தொடரும் மறைக்கவில்லை, ஆசிரியையும் மறுத்திலர். அவர்கள் முதன்முதல் சந்தித்த கதையைப் பின்னோக்கிச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. வீராங்கனையாகும் ஊழை ஏற்க மறுத்து நிற்கும் ஹருகாவை அரக்கன் தாக்க, மிச்சிரு குறுக்கே பாய்ந்து காயமுறுகிறாள். வயலின் வாசிக்கும் கை பழுதாகியிருந்தால் என்ன செய்வாய் என்று கலங்குகிறாள் ஹருகா. அப்போதுதான், நெடுநாள் முன்பிருந்தே அவளைத் தொலைவில் நின்று கண்டுவந்ததை மிச்சிரு வெளியிடுகிறாள். பணியே முதன்மை, ஒருவர்க்காக மற்றவர் நிற்கலாகாது என்பது அவர்தம் கொள்கை. ஆயினும் 110ஆம் பகுதியில், பகைவர் பிடியில் சிக்கிய ஹருகாவை நோக்கி மிச்சிரு குண்டுமாரியின் ஊடே நடக்கிறாள். அவள் வீழ்ந்ததும், ஹருகா தன் உயிரையும் தானே கொடுக்கிறாள். கொள்கை அங்கே உடைகிறது. அது உடையும் இடத்தைச் சுட்டி, உறவு இன்னதெனச் சுவைஞர் நிறுவுவர்.

இப்பருவம் 2000ஆம் ஆண்டில் குளோவர்வே நிறுவனத்தின் ஆங்கிலக் குரற்பதிப்பாக அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. ஹருகா 'அமாரா' ஆனாள். மிச்சிரு 'மிஷல்' ஆனாள். அதனோடு, இருவரும் 'கசின்' என்று அறிவிக்கப்பட்டனர். சிறுவர் பார்க்கும் படத்தில் இருபெண்கள் காதலர் எனக் காட்டுதல் ஆகாது என்று கருதியதன் விளைவு அது. சொல்லை மாற்றியவர் படத்தை மாற்ற இயலவில்லை. கோத்த கைகளும், அகலாத பார்வையும், பிறரை வெட்கமுறச் செய்யும் கேலிப்பேச்சின் சாயலும் பெரும்பாலும் அப்படியே நின்றன. உறவினர் இருவர் ஏன் இப்படி ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி நிற்கின்றனர் என்று ஒன்றும் அறியாத சிறுவரும் வியந்தனர். மூலத்தின் நாடாப்பதிவுகள் ஆங்கில அடிவரிகளுடன் அதற்கு முன்பே சுவைஞர் கைகளில் மாறி மாறிப் பரவியிருந்தமையால், அறிந்தோர் பலர் இருந்தனர். அவர்கள் இரு பதிப்பையும் ஒப்பிட்டு வரிக்கு வரி வேறுபாடு காட்டினர். ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்த பிழையைப் பிற சுவடிகளோடு ஒத்து நோக்கிக் களையும் பதிப்பாசிரியர் செய்வது இதுவே அன்றோ?

'கசின்' என்ற சொல்லைத் தமிழாசிரியர் சற்று நின்று நோக்க வேண்டும். அச்சொல்லுக்கு நேரான தனிச்சொல் தமிழில் இல்லை. சிற்றப்பன் மகளும் பெரியம்மை மகளும் உடன்பிறந்தார் முறை. மாமன் மகளும் அத்தை மகளும் மணமுறை. இத்தொடரைத் தமிழாக்குவோர் அமெரிக்கப் பதிப்பைப் பின்பற்றினால், இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மாமன் மகள் என்றால், எதை மறைக்க அச்சொல்லை இட்டார்களோ அதுவே வாயிற்படியில் வந்து நிற்கும். ஜப்பானியரிடமோ 'இத்தோக்கோ' என்ற ஒரு சொல் எல்லா வகைக்கும் உண்டு. ஆயினும் அந்நாட்டுச் சட்டம் அத்தகையோர் மணத்தைத் தடுப்பதில்லை. ஆகவே காதலுக்குத் திரையாக அமெரிக்கர் இட்ட சொல், தமிழ் வழக்கிலும் ஜப்பானிய வழக்கிலும் திரையாகாது. ஒரு நாட்டில் வேலியாகும் உறவுச்சொல் மற்றொரு நாட்டில் வாயிலாகிவிடுகிறது.

முதற்பருவத்திலும் இவ்வாறு ஒன்று நிகழ்ந்தது. பகைவர் படைத்தலைவருள் குன்சைட், சோய்சைட் என்னும் இருவர் ஆடவர். படத்தொடர் அவர்களைக் காதலராகக் காட்டிற்று. 1995ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்பில் சோய்சைட்டுக்குப் பெண்குரல் கொடுத்துப் பெண்ணாகவே ஆக்கிவிட்டனர். இம்மாற்றம் 'கசின்' போல் இடறவில்லை; அவ்வுருவம் மெலிதாக வரையப்பட்டிருந்ததால் மூலம் அறியாதோர் எளிதில் நம்பினர். இத்தகைய உறவுகளைச் சிறுவர்க்குக் காட்டலாமா என்பது தனி வழக்கு. நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு விடை வேறுபடும். காட்டலாகாது எனக் கருதுவோர் காட்டாமல் விடலாம். ஒன்றைக் காட்டி, வேறொன்றாகப் பெயரிடுவது மொழிபெயர்ப்பாகாது. மேலும், வழக்காடியோருள் சிலர்க்கு இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. தம்மைப் போன்றோர் ஒரு கதையில் இகழ்ச்சியின்றி, வீரத்தோடும் பரிவோடும் இடம்பெறக் கண்டது அதுவே முதல்முறை. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு சொல் அன்று.

இவ்வாறு உறவுகளை ஆராய்வோர்க்கு ஒரு குழூஉக்குறியும் உண்டு. 'ரிலேஷன்ஷிப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தலையை வெட்டி, வாலாகிய 'ஷிப்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டனர். 1990களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் சுவைஞரிடையே பரவிய வழக்கு அது. வெட்டிய பின் எஞ்சியது கப்பலையும் குறிக்குமாதலின், என் கப்பல் மிதக்கிறது, உன் கப்பல் மூழ்கியது என்று விளையாட்டாகப் பேசத் தொடங்கினர். ஜப்பானியச் சுவைஞர் இரு பெயரிடையே பெருக்கற்குறி இடுவர். அல்லது இரண்டின் முதற்பகுதிகளையும் இணைத்து 'ஹருமிச்சி', 'மமோஉசா' என்பர். உம்மைத்தொகை போலத் தோன்றினும் அதனின் வேறானது இது. எப்பெயர் முன் நிற்கிறது என்பதிலும் அவர்க்குப் பொருள் உண்டு. முறை மாறினால் சண்டை மூளும்.

இவ்வழக்காட்டில் தேர்ந்தவர், முதலில் எப்பாடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று வரையறுப்பர். மாங்கா ஒரு பாடம். படத்தொடர் வேறொரு பாடம். தொடக்கத்தில் ரெய் மமோருவோடு பழகித் திரிவது படத்தொடரில் உண்டு, மாங்காவில் இல்லை. குன்சைட்டும் சோய்சைட்டும் காதலர் என்பதும் படத்தொடரின் புனைவே. ஹருகா, மிச்சிரு உறவு இரண்டிலும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒன்றன் சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவோரின் வாதம் முதல் அடியிலேயே சரியும்.

சான்றுக்கும் விருப்பத்துக்கும் இடையே உள்ள கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. படைத்தலைவர் நால்வரும் வீராங்கனையர் நால்வரும் முற்பிறப்பில் காதலர் என்று சுவைஞர் பலர் நெடுங்காலம் கதை புனைந்து வந்தனர். அதற்கு அவர் காட்டிய சான்று, அவ்வெண்மரையும் இணை இணையாக வைத்துத் தக்கேயுச்சி வரைந்த ஓர் ஓவியமே. கதையில் அது பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு படத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய மாளிகையா என்று பிறர் நகைத்தனர். ஆனால், 2014ஆம் ஆண்டில் மாங்காவைப் பின்பற்றிப் புதிதாக எடுக்கப்பட்ட 'செய்லர் மூன் கிரிஸ்டல்' அக்காதலை வெளிப்படையாகவே கதைக்குள் கொண்டுவந்தது. நகைத்தோர் வாய் மூடினர். ஆயினும் இந்த ஒன்றைக் கொண்டு எல்லாப் புனைவும் ஒருநாள் மெய்யாகும் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

ஐந்தாம் பருவம் அதற்குச் சான்று. மமோரு மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்படுகிறான். அவன் பகைவரால் அழிக்கப்பட்டது உசாகிக்குத் தெரியாது. விடை வாராத மடல்களை எழுதிக்கொண்டே இருக்கிறாள். அந்த வெறுமையில் சீயா என்னும் பாடகன் நட்பாகி, அவள்மேல் காதல் கொள்கிறான். சீயா வீரவடிவில் பெண். தம் இளவரசியைத் தேடி வேற்றுலகிலிருந்து வந்தோருள் ஒருவர். மாங்காவில் அவர்கள் ஆண்வேடம் பூண்ட பெண்களே; படத்தொடரோ அன்றாட வாழ்வில் ஆணாகவே காட்டிற்று. கொட்டும் மழையில் உசாகி தன் தனிமையைக் கூறி அழும் காட்சியில், மமோருவின் இடத்தைத் தான் நிரப்பலாகாதா என்று சீயா கேட்கிறான். அவள் சீயாவோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று விழைவோர் இன்றும் பலர். மமோரு பல பகுதிகளில் பேசவும் வாராமல் போக, சீயாவோ அருகிருந்து கண்ணீரைத் துடைப்பவன்; ஆகவே அவ்விழைவு வியப்பன்று. ஆனால் மகள் ஒருத்தி எதிர்காலத்திலிருந்து வந்து போய்விட்டாள்! ச்சிபியுசாவை இல்லாமற் செய்யாமல் சீயாவுக்கு இடமில்லை. இக்கட்சியாரின் வாதம் முட்டி நிற்கும் சுவர் அதுவே. அதைத் தாண்ட அவர் செய்யும் முயற்சிகளைக் கண்டால் வழக்கறிஞரும் தோற்பர்.

2014ஆம் ஆண்டில் விஸ் மீடியா நிறுவனம் வட அமெரிக்க உரிமை பெற்று, தொடர் முழுவதையும் வெட்டாமல் மீண்டும் ஆங்கிலத்தில் குரற்பதிப்பு செய்யத் தொடங்கிற்று. உசாகி உசாகியாகவே வந்தாள். சோய்சைட்டுக்கு ஆண்குரல் திரும்பிற்று. ஹருகாவும் மிச்சிருவும் மீண்டும் இணையர் ஆயினர். பழைய பதிப்பின் 'கசின்' என்ற சொல் இன்று சுவைஞரிடையே ஒரு நகைச்சொல்லாக மட்டும் வாழ்கிறது. மறைக்க முடியாததை மறைப்போரைக் கண்டால் அதைச் சொல்லிச் சிரிப்பர்.

எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு எஞ்சிய இடர் ஒன்று மாங்காவில் உண்டு. ஹொத்தாரு என்னும் சிறுமி மறுபிறப்பெடுத்துக் குழந்தையாகிறாள். ஹருகா, மிச்சிரு, செட்சுனா மூவரும் அவளை வளர்க்கின்றனர். பேசத் தொடங்கிய குழந்தை அவர்களை 'ஹருகா பாப்பா', 'மிச்சிரு மாமா', 'செட்சுனா மாமா' என்று அழைக்கிறது. ஜப்பானியக் குழந்தைகள் தந்தையைப் 'பாப்பா' என்றும் தாயை 'மாமா' என்றும் அழைப்பது வழக்கம். இதனை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்தால், தமிழ்ச் சிறுவர் ஒருத்தியைக் கைக்குழந்தை என்றும் மற்ற இருவரைத் தாயின் உடன்பிறந்த ஆடவர் என்றும் கொள்வர். 'அப்பா', 'அம்மா' என்று பெயர்த்தால் பொருள் வரும்; ஆனால் பெயரை ஒட்டி 'ஹருகா அப்பா' என்னும்போது, பெரியப்பா, சித்தப்பா என்ற வரிசையில் வந்த இன்னொரு அப்பா போல் காதில் விழும். மூன்று பெண்களுக்கு இடையே ஒரு தந்தையையும் இரு தாயரையும் அமைத்துக்கொண்ட அக்குழந்தையின் விளிக்குத் தக்க தமிழை இனித்தான் ஒருவர் தேட வேண்டும்.